“என்ன வருத்தம், சொல்லுங்கோ”

நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய காரில் மூன்று பேர் இருந்தோம். இடது இருக்கையில் எல்-போர்டு அண்ணை, பின்னால் மடியில் புட்டுப் பாத்திரத்தோடு அவர் மனைவி மலர் அக்கா, ஸ்டீயரிங்கில் நான். வராதவள் அவர்களுடைய பதினைந்து வயது மகள் துளசி. “யூ கைஸ் கோ. ஐ டோண்ட் நோ யூ” என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆக்லாந்தில் கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம் எல்-போர்டு அண்ணையின் வலது கால். யாழ்ப்பாணத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அவருடைய காரில் இடது இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருடம் அதை மிதித்து மிதித்து, கால் தனிக்குணம் பெற்றுவிட்டது. ஓட்டலில் சர்வர் சாம்பார் வாளியோடு வேகமாக வந்தால் மிதிப்பார். கோயிலில் குருக்கள் கற்பூரத் தட்டோடு சட்டென்று திரும்பினால் மிதிப்பார். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கடியில் கம்பளம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தரை தெரியும். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. மலர் அக்காவின் போனிலேயே அவர் ‘எல்-போர்டு’தான்.

இந்த மனிதர் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார்.

சும்மா சொல்லவில்லை. வகுப்புகளுக்கு நடுவே ஆறு வருடம் பகுதி நேரமாகப் படித்து அறிவியல் பட்டம் வாங்கியிருந்தார். மருத்துவக் கல்லூரியில், பள்ளியிலிருந்து நேரே வராதவர்களுக்கு என்று சில இடங்கள் இருந்தன. முதல் முறை விண்ணப்பம் போட்டார், கிடைக்கவில்லை. இரண்டு தடவைக்கு மேல் போட முடியாது என்பது அந்தக் கல்லூரி விதி. ஆக, இது கடைசி.

நான் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கிக்கொண்டே டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தவன். லைசென்ஸ் இருந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று அவரிடம் போனேன். முதல் நாள் என்னை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, “ஓடு தம்பி” என்றார். நான் கதவைத் திறந்து இறங்கினேன். “எங்க போறாய்?” “நீங்கதானே அண்ணே ஓடச் சொன்னீங்க!” அவர் ஊரில் காரை ஓட்டுவதும் ஓடுவதுதானாம்.

வகுப்புக் கட்டணத்துக்குப் பதிலாக அவர் படிப்புக்கு உதவ வேண்டும் என்று ஒப்பந்தம். “நீ படிச்ச பிள்ளை” என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்த மூன்று வார்த்தையை யார் சொன்னாலும் எதற்கும் தலையாட்டிவிடுவேன்.

ஒப்பந்தப்படி நான் கார் ஓட்டினேன், அவர் இருதயம் ஓட்டினார். மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் ஒரு ரவுண்டபவுட். “வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விடு. அவன் அழுக்கு ரத்தம், நுரையீரலுக்கு அவசரமாப் போறான்.”

“அண்ணே, அது கோழி லாரி.”

“ஓம், அதுவும் ரத்தம்தான். இப்ப வால்வு திறந்திட்டுது. உள்ள போ!”

நான் உள்ளே போனேன். எந்தப் பக்கம் வெளியேறுவது என்று அவர் சொல்லவில்லை. ஒட்சிசன், கார்பன், மேல் அறை, கீழ் அறை என்று மூன்று சுற்று சுற்றினோம். நாலாவது சுற்றில்தான், “சரி, சுத்தமாகிட்டாய். வெளியால வா” என்றார்.

நுழைவுத் தேர்வில் மனிதர்களைப் புரிந்துகொள்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பழைய கேள்வித்தாள் ஒன்றைப் படித்துக் காட்டினேன். ஒரு பெண் தன் மகனிடம் எரிந்து விழுகிறாள். அவள் மனநிலை என்ன? அ, ஆ, இ, ஈ.

“அவ காலமை சாப்பிடேல்லை” என்றார் அண்ணை.

“அப்படி ஒரு விடையே இல்லண்ணே.”

“அப்ப கேள்வி பிழை.”

எதற்காக இந்த வயதில் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். பாபகூராவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஸ்டீயரிங்கிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாராம். “பிறேக்கைப் பிடிச்சன். கார் நிண்டுது. ஹசார்ட் லைட்டைப் போட்டன். அதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை தம்பி. ஆம்புலன்ஸ் வருமட்டும் அந்த லைட் டிக் டிக்கெண்டு அடிச்சுக்கொண்டிருந்துது. நான் பாத்துக்கொண்டிருந்தன்.” பெரியவர் பிழைத்துக்கொண்டார். இவர்தான் அந்த டிக் டிக்கிலிருந்து மீளவில்லை.

நேர்முகத் தேர்வில் எட்டு அறைகள். மணி அடித்தால் அடுத்த அறை. ஓர் அறையில் நோயாளியாக நடிக்க ஆள் இருக்கும். அதற்கு ஒத்திகை பார்க்க என்னைச் சோபாவில் படுக்கவைத்தார். முதலில் தமிழில், அது சரியாக வந்தபிறகு ஆங்கிலத்தில் என்று ஏற்பாடு.

கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதிலாகப் போன் சார்ஜர். கனிவாகக் குனிந்து, “என்ன வருத்தம், சொல்லுங்கோ” என்றார்.

எனக்கு வாந்தி பேதி என்று சொல்லத்தான் ஏற்பாடு. ஆனால் நியூசிலாந்துக்கு வந்து பதினாலு மாதத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். அப்பா செங்கல் சூளையில் வாங்கிய முன்பணம், அம்மா போனில் “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு மேலே பேசத் தெரியாமல் மூச்சு விடுவது, பரீட்சையில் ஒரு பாடம் போனதை வீட்டில் மறைத்தது. முக்கால் மணி நேரம். அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். முடித்ததும் பேனாவை மூடினார்.

“இதெல்லாம் எந்த உறுப்பில தம்பி?”

சமையலறையிலிருந்து மலர் அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி விழுந்தது. “ஐயோ! எங்கட ஊரில வருத்தமெண்டா நோய். உங்கட ஊரில கவலை. இந்தப் பிள்ளையைப் போட்டு அழவைச்சிட்டீங்களே!”

அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. எழுதிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. “இண்டைக்கு நீ ஓடு” என்றார். நான் ஓட்டினேன். வழி நெடுக, நின்றிருந்த கார்களைக் கண்டபோதெல்லாம் பிரேக் போட்டார். கல்லூரிக்கு எதிரே தெருவில் இரண்டு மணி நேரத்துக்குப் பார்க்கிங் காசு போட்டேன். அண்ணை உள்ளே போனார். நாங்கள் அங்கிருந்த ஒரு குட்டைச் சுவரில் உட்கார்ந்து புட்டைக் காலி செய்தோம்.

இரண்டு மணி நேரம் முடிகிற சமயத்தில் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார்.

“விட்டிட்டன் மலர். முடிஞ்சுது.”

“என்ன நடந்தது?”

“நோயாளி அறை. ஒரு மனிசி. முழங்கால் நோவெண்டு கதவில எழுதியிருந்துது. நான் உள்ள போய், ‘என்ன வருத்தம்’ எண்டு தமிழில யோசிச்சு இங்கிலீசில கேட்டுப்போட்டன், ‘வாட் இஸ் யுவர் சாரோ?’ எண்டு.”

புட்டுப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். “அப்புறம்ணே?”

“அவ என்னைப் பாத்தா. பிறகு, பூனை செத்து மூண்டு கிழமை எண்டா. பதினாறு வருசம் வளத்த பூனை. அதின்ர பேர் என்னெண்டு கேட்டன். அவ சொல்லத் தொடங்கினா, நான் கேட்டன், மணி அடிச்சிட்டுது. முழங்காலைப் பற்றி ஒரு சொல் கேக்கேல்லை தம்பி! அது உண்மைப் பூனையோ, நடிப்புப் பூனையோ, அதுவும் தெரியேல்லை!”

அப்போதுதான் பார்க்கிங் சோதனைக்காரர் வருவதைப் பார்த்தேன். எங்கள் காருக்கு நாலு கார் தள்ளி இருந்தார். நான் எழப் போனேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எட்டு அறை. மற்ற ஏழு அறையை விடு. அந்த ஒண்டில அவ அழுதா தம்பி, நானும் அழுதிட்டன்” என்றார்.

மூன்று கார் தள்ளி. இரண்டு கார் தள்ளி. அண்ணையின் தலைக்கு மேலாக மலர் அக்காவைப் பார்த்தேன். அக்காவும் பார்த்துவிட்டார். அசையாதே என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். அசையவில்லை. கார் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகப்பட்டது. அண்ணை அறை அறையாக, முதல் அறையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

சில வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. திறந்து பார்க்கப் பயந்து, அண்ணை குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். துளசிதான் படித்தாள். பிறந்ததிலிருந்து எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்ன பெண், குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தட்டி, “அப்பா! வெளியால வாங்கோ! இடம் கிடைச்சிட்டுது அப்பா!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

பூனையின் கதைக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பார்க்கிங் சீட்டு பற்றி அண்ணைக்கு இன்றுவரை தெரியாது. அவர் சுவரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது நான் போய் உருவிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அடுத்த வாரம் அவருக்குத் தெரியாமல் கட்டினோம். மலர் அக்கா இருபது, நான் இருபது. மொத்தம் நாற்பது டாலர்.