பூங்குழலி டிரக்கின் கோணல் தீர்த்த படலம்

வாழ்க பூங்குழலி! மும்மலைகளும் வெயிலில் கறுத்துக் காய்ந்து நிற்கும் செஞ்சிப் பதியில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து நெல்மூட்டைகளுக்கு எடைச்சீட்டு அடித்தடித்தும் களையாத கையினள்; ஜல்லி ஏற்றிய டிப்பருக்கும் வழிவிடாத ஸ்கூட்டியினள்; இனியன் என்பானின் இல்லாள்; நைட்ரோ எரிபொருள் குடித்து நீலப்புகை கக்கும் ஒன்றரையடி டிரக் ஒன்றை ரிமோட்டினால் ஏவும் பேராற்றல் உடையாள்; அவள் கொற்றம் வாழ்க!

அந்த டிரக் அவள் தம்பி வெற்றிவேலுடையது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அன்று, பெட்டி கட்டி முடித்தபின் அதைத் தூக்கிவந்து அக்காளிடம் தந்து, யாருக்கும் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லிப் போனான். தம்பியிடமிருந்து ஃபோன் வராத வாரங்களில் அவள் அதை ஏரிக்கரைக்கு எடுத்துச் சென்று முடுக்குவாள். ஆயிரம் வண்டினம் ஒருங்கே சினந்தாற்போன்ற அதன் ஓசையில் அவள் நெஞ்சம் ஒருவாறு அடங்கும்.

ஆயினும் அந்த வீரக் களிற்றுக்கு ஒரு குறை இருந்தது. முன்சக்கரங்களைத் திருப்பும் பிளாஸ்டிக் தண்டுகள் தேய்ந்து வளைந்துவிட்டமையால், சக்கரம் இரண்டும் மனத்தாங்கல் கொண்ட சம்பந்திகளைப் போல் ஆளுக்கொரு திசை பார்த்தன. நேரே போ என்றால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அவள் ரிமோட்டில் திசை திருப்பும் சிறுசக்கரத்தைச் சற்றே வலப்பக்கம் அழுத்தியபடியே ஓட்டிப் பழகினாள்.

இக்குறையை வல்லத்து மண்டபத்தில், ஒரு காதுகுத்துப் பந்தியில், உற்றார் அனைவரும் கேட்க எடுத்துரைத்தவன் இனியனின் தம்பி தனசேகரன். அவன் மீசையைச் சொல்லாமல் அவனைச் சொல்லுதல் அரிது. மேலுதட்டில் தோன்றி, இரு கன்னங்களிலும் படர்ந்து, நுனியில் தேள்கொடுக்கென நிமிர்ந்து, எதிரே வருவோரின் கண்களைத் தன்னிடத்தே ஈர்த்து, அவன் பேசுவதைப் பாதி கேட்கவிடாமல் செய்யும் மாமீசை அது. அம்மீசையை நீவியவாறு அவன் முழங்கினான்:

"அண்ணி, ஏரிக்கரையில பம்பு செட்டுலேர்ந்து பனமரம் வரிக்கும் உங்க வண்டி கோணாம போனா, அன்னிக்கே இந்த மீசைய எடுத்துடறேன். போவலன்னா வண்டி எனக்கு."

கேசரியை விள்ளிக்கொண்டிருந்த பூங்குழலி தலைநிமிர்ந்து, "சரி" என்றாள். அவ்வொரு சொல்லுக்கு வாழையிலைகள் நடுங்கினவா எனில், ஃபேன் காற்றில் அவை முன்னரே நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

பத்தே நாளில் கூரியரில் வந்திறங்கின புதுப்படைக்கலங்கள்: நீலமணியென மின்னும் அலுமினியக் கைகள், சக்கரங்களைப் பற்றும் எஃகுத் தண்டுகள், தண்டின் முனைக்குரிய குமிழ்மூட்டுகள். ஞாயிறு முற்பகல், சாம்பார் கொதித்திறங்கிய கையோடு, கூடத்தில் பழைய போர்வை விரித்து, வலப்புறம் ஸ்க்ரூடிரைவர்ப் படையும் இடப்புறம் ஆலன் கீ அணியும் நிறுத்தி, ராஜகிரி மேலுறையும் கமலக்கண்ணியை ஒருமுறை நினைந்து, அவள் களம் புகுந்தாள்.

பழைய தண்டுகள் பகைவர் தலையெனப் பட்பட்டென்று தெறித்து சோபாவுக்கு அடியில் உருண்டன. அலுமினியக் கைகள் தத்தம் இருக்கையில் அமர்ந்தன. பின்னர் அவள் முதல் எஃகுத் தண்டை எடுத்தாள். ஒரு முனையில் குமிழ்மூட்டு வெண்ணெயில் விரலென ஏறிற்று. மறுமுனையில் ஏறவில்லை. திருகினாள்; வழுக்கிற்று. தேங்காய் எண்ணெய் தடவித் திருகினாள். எண்ணெயும் சேர்ந்து வழுக்கிற்று. வெந்நீரில் இளக்கித் திருகினாள், விரல்தான் வெந்தது. கட்டிங் பிளேயரால் கழுத்தை இறுக்கி, பல்லைக் கடித்து, மூச்சடக்கித் திருகினாள். உள்ளங்கை கொப்புளித்ததேயன்றி மரை பிடிக்கவில்லை. இரண்டாம் தண்டும் அவ்வாறே ஒரு முனையில் நண்பனாகவும் மறுமுனையில் பகைவனாகவும் நின்றது.

அப்போது அவள் மனக்கண்ணில் அந்த டிரக் தனசேகரன் வீட்டு டிவி ஸ்டாண்டின்மேல், பிளாஸ்டிக் ரோஜாக்களுக்கு நடுவே நின்றது. தம்பி வீடியோ காலில் வந்து, அக்கா, வண்டி எங்கே என்று கேட்டான். கண் கலங்கிற்று. வெங்காயம் அரிந்த கை கண்ணில் பட்டுவிட்டதென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அருகிருந்த இனியன் மனைவி வியர்ப்பது பொறாதவனாய், தூசியேறித் திணறிய டேபிள் ஃபேனைத் துடைக்க எண்ணி அதை நிறுத்தி, கூண்டைக் கழற்றி, றெக்கையை இறுக்கும் நடுமூடியில் கைவைத்தான். வைத்தவன் வலப்பக்கம் திருப்பினான்.

"இன்னாங்க, முடுக்குற பக்கம் திருப்புறீங்க?" என்றாள் பூங்குழலி.

"இது இப்டித்தான் கழலும். எதிர்மரை."

அவள் மடியிலிருந்த தண்டைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்னர் குமிழ்மூட்டை அந்த வம்புக்கார முனையில் வைத்து, இடப்பக்கம் திருப்பினாள். ஏறிற்று. நடுவில் பிடித்துத் திருகினால் தண்டு இருபுறமும் ஒருங்கே நீளவும் குறுகவும் வேண்டி, ஒருமுனை நேர்மரையாகவும் மறுமுனை எதிர்மரையாகவும் செய்துவைத்திருந்தனர் மாயக் கம்மியர். ஒரு சுற்று கூட்டினாள், அரைச் சுற்று குறைத்தாள், ஸ்கேல் வைத்து அளந்தாள். பிணங்கிய சம்பந்திகள் இருவரும் ஒருதிசை நோக்கினர். விரலால் சக்கரத்தை அசைத்துப் பார்த்தாள். மயிரிழை ஆட்டமும் இல்லை. வெந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து வந்த அரசு விடுமுறையில், ஏரிக்கரையில் இரு குடும்பமும் திரண்டன. கயிற்றை இழுத்த மாத்திரத்தில் எஞ்சின் அலறிற்று. கொக்குகள் எழுந்து பறந்தன. நீலப்புகை கரையை மூடிற்று. டிரக் பாய்ந்தது. பாய்ந்து, பாதி வழியில், இதுகாறும் இழுத்த இடப்பக்கத்தை அறவே துறந்து வலப்பக்கம் திரும்பி, வேர்க்கடலைக் கொல்லையில் தலைகுப்புற விழுந்து நான்கு சக்கரமும் வானம் பார்க்கக் கிடந்தது.

தனசேகரன் மீசையை இருபுறமும் முறுக்கி, "குடுத்துடுங்க அண்ணி" என்றான்.

பூங்குழலி ரிமோட்டும் கையுமாகக் கொல்லையில் இறங்கி, மறுகையால் வண்டியைத் தூக்கி மண் உதறினாள். தண்டுகள் நேராகவே இருந்தன. அவள் தன் விரலைப் பார்த்தாள். அது இன்னும் சிறுசக்கரத்தை வலப்பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"இப்ப கோணுனது வண்டி இல்ல, என் வெரலு" என்றாள்.

தனசேகரன் ஒப்பவில்லை. வழக்கு மூத்தவனிடம் சென்றது. இனியன், "எத்தினி வாட்டின்னு நீ சொல்லலயேடா" என்று தீர்ப்புரைத்தான்.

மீண்டும் எஞ்சின் அலறிற்று. இம்முறை பூங்குழலி வேகத்தை மட்டும் கொடுத்து, சிறுசக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்த கை எங்கே இருப்பதென்று அறியாமல் முந்தானையைப் பற்றிற்று. டிரக் போயிற்று, வில்விடு கணையெனப் போயிற்று, புழுதித்தேர் பின்தொடர, இடமும் வலமும் நோக்காது, ஏரிக்கரையை நூல்பிடித்தாற்போல் இருகூறாக்கிப் போய்ப் பனைமரத்தின் அடியில் முட்டி நின்றது. தனசேகரனின் கை மீசைக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டது.

சொன்ன சொல் தவறாத குடியில் பிறந்த அவன், தானே முன்வந்து பைக்கை எடுத்தான். வெற்றித் திருமகள் டிரக்கை மடியில் ஏந்திக் கணவனின் வண்டியில் பின்னமர, உற்றார் ஆட்டோவில் தொடர, இறுதி யாத்திரை போகும் மீசையை ஒருகையால் நீவியபடி தனசேகரன் முன்செல்ல, அந்தப் பெரும்படை செஞ்சிக் கூட்டுரோடு சலூன் வாசலில் போய் இறங்கிற்று.

அன்று செவ்வாய்க்கிழமை, சலூன் லீவு.