நாலரைக் கிலோ பியானோவும் மாமனாரின் தொண்டையும்

ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து வாங்குகிறவன் நான். செருப்பை நிறம் பார்த்து வாங்கினேன். குடையைப் பிடி பார்த்து வாங்கினேன். (அந்தக் குடை பாதிதான் விரியும். பிடி இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது.) இந்தப் புத்தியோடு ஒருநாள் டிஜிட்டல் பியானோ வாங்கப் போனேன். அதனால் என் மானம் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு நான் பழகியவன். போனது வேறொருவருடையது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கீரனூரில் ஓர் உரக்கடையில் பில் போடும் வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் கலைஞன். புதுக்கோட்டையில் முருகேசண்ணன் ஒரு சின்னப் பாட்டுக் குழு நடத்திக்கொண்டிருந்தார். தபேலாவுக்கு அவர், கீபோர்டுக்கு நான், டிரம் பேட் வாசிக்க ஒருவர், பாடுவதற்கு இரண்டு பேர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். வேன் எல்லாம் கிடையாது. அவரவர் வாத்தியத்தை அவரவர் சுமந்து வந்துவிட வேண்டும்.

தபேலாவுக்கு அது சரி. என் கீபோர்டோ பழைய மாடல், பையில் போட்டு நிமிர்த்தினால் என் மூக்கு வரைக்கும் நிற்கும். அதோடு பஸ் ஏறினால், "உள்ள என்னங்க, பீரோவா?" என்று கேட்காத கண்டக்டர் இல்லை. ஒருமுறை அது நழுவி ஒரு பெரியவரின் கால்மேல் விழுந்துவிட்டது. புதுக்கோட்டை வரும்வரை அவர் என் பரம்பரை முழுவதையும் விசாரித்துக்கொண்டே வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அரிமளத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் வளர்மதி, ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. காப்பித் தம்ளரைக் கொடுத்துவிட்டு, "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க" என்றார். அப்படியும் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. "மேடையில வாசிக்கிற பயலுக்கா பொண்ணக் குடுக்கிறது?" என்று அம்மா கேட்டிருக்கிறார். துபாயிலிருந்து அண்ணன் போனிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இருந்த ஒரே ஆதரவு வளர்மதியின் அப்பா சிதம்பரம் மாமா. நெல் வியாபாரி. அவருக்கு ஒரு பழைய தாலாட்டுப் பாட்டு தெரியும். முப்பது வருடமாக, சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் மைக்கை வாங்கி அந்த ஒரு பாட்டைப் பாடுவார். கனத்த, இறக்கமான குரல். "செதம்பரம் பாடியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கத்தில் பந்திக்கே உட்காருவார்கள் என்று சொல்வார்கள். பாட்டுக்காரனை இன்னொரு பாட்டுக்காரன் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நினைத்தேன்.

அவரே ஒருநாள் போன் பண்ணினார். "தம்பி, எம் மகன் வழிப் பேரனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். ஒங்க குழுவையே சொல்லிட்டேன். மகனும் துபாய்லேருந்து வாரான். நீங்க வாசிக்கிறத எல்லாரும் நேர்ல பாக்கட்டும். நானும் என் பாட்டப் பாடுறேன், நீங்களே வாசிங்க. அன்னிக்கே பேசி முடிச்சுருவோம்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கல்யாணம் ஒரு பாட்டில் தொங்குகிறது என்ற கவலை எனக்கு இல்லை. அந்த வீட்டு வாசலில் பீரோவைச் சுமந்துகொண்டு வேர்த்து விறுவிறுத்து இறங்குவேனே என்றுதான் கவலை. பைக்கில் போய், தோளில் மெல்லிசாக ஒரு பை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன டிஜிட்டல் பியானோ வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளே அக்காவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மழை நாளில் பைக் ஆகாது, பஸ்ஸுக்கும் பொருந்த வேண்டுமல்லவா? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தை அளந்தேன். மேலே சாமான் வைக்கும் கம்பியையும் ஏறி நின்று அளந்தேன்.

"என்ன தம்பி, பஸ்ஸுக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

நீளம், அகலம், எடை மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு திருச்சிக்குப் போனேன். அந்தச் சீட்டில் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடையில் இருந்த விற்பனையாளர் தங்கமான மனிதர். "சார், எந்த மாதிரி நிகழ்ச்சிக்கு வாசிப்பீங்க?" என்று கேட்டார்.

"இது எத்தனை கிலோங்க?" என்றேன்.

ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டு படி இறங்கித் தெருமுனை வரை நடந்து பார்த்தேன். திரும்பினால் பின்னாலேயே கடை செக்யூரிட்டி வந்துகொண்டிருந்தார். கடைசியில் கறுப்பாக, ஒரு பலகை மாதிரி ஒன்று. நாலரைக் கிலோ. அதில் பட்டனே மூன்றுதான். தூக்கினால் தூக்கிய மாதிரியே இல்லை.

விற்பனையாளருக்கு என்மேல் என்ன அக்கறையோ, விடாமல் சொன்னார். "சார், இதுல டிஸ்ப்ளே கெடையாது. டிரான்ஸ்போஸ் எத்தனையில வச்சிருக்கோம்னு நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்."

"அது இருக்கட்டும். பை இதோட சேர்த்தா, தனியாங்களா?"

அவர் எதைப் பற்றி எச்சரித்தார் என்று சொல்லிவிடுகிறேன். என்னைப் போன்ற அரைகுறைகளுக்கு ஒரே சுருதியில்தான் விரல் ஓடும். பாடுகிறவர்கள் எல்லோரும் நம் வசதிக்கு ஒரே சுருதியில் பாடுவார்களா? அதற்குத்தான் டிரான்ஸ்போஸ் பட்டன். பாடுபவரின் குரல் இறக்கமாக இருந்தால் நான்கு படி இறக்கி வைத்துவிட்டு, விரல் பழைய இடத்திலேயே ஓடும். பழைய கீபோர்டில் 'மைனஸ் நான்கு' என்று திரையில் பெரிதாக எரிந்துகொண்டிருக்கும். அந்தத் திரையை எடுத்துவிட்டதால்தான் இந்தப் பியானோ இவ்வளவு சின்னதாகியிருந்தது. இதில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இடது கடைசிக் கட்டையைத் தட்டினால் ஒரு படி இறங்கும், அடுத்த கட்டையைத் தட்டினால் ஒரு படி ஏறும். எங்கே நிற்கிறோம் என்பது கடவுளுக்கும் கம்பெனிக்காரனுக்கும் தெரியும்.

கூட வந்த கையேட்டில் எடை போட்டிருந்த பக்கத்தை மட்டும் படித்தேன். படித்து மகிழ்ந்தேன்.

காதுகுத்து அரிமளத்தில் ஒரு மண்டபத்தில். நினைத்தபடியே பைக்கில் போய் ஒற்றைத் தோளில் பையோடு இறங்கினேன். வளர்மதி வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என் தோளைப் பார்த்து, "கீபோர்டு பின்னால வருதுங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே வாங்கிய பணம் தகும் என்று தோன்றியது.

சிதம்பரம் மாமா பட்டு வேட்டியில் மேடைக்கு வந்து என் காதோரம் மெதுவாக ஒருமுறை பாடிக் காட்டினார். நான்கு படி இறக்கி வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. "இதுதான் தம்பி. இத மாத்திராதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். துபாய் அண்ணன் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் சரிபார்க்கிற அதிகாரி மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி பாட்டு ஒன்று வாசித்து முடிப்பதற்குள் வெளியே வேட்டுச் சத்தம். தாய்மாமன் சீர் வந்துவிட்டது. சீர் வந்தால் கச்சேரியை நிறுத்திவிட வேண்டும், அது எழுதாத சட்டம். மூன்று தாய்மாமன்கள். தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. பிறகு ஒவ்வொரு மாமனுக்கும் பொன்னாடை, மாமன்களின் பங்காளிகளுக்குப் பொன்னாடை, பொன்னாடை வாங்கியவர்கள் திருப்பிப் போர்த்திய பொன்னாடை. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் பார்க்கிறார்களே என்று பணிவாக உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப என் பேரனுக்காக ஒரு தாலாட்டு" என்று மாமா மைக்கை வாங்கினார். கூட்டம் கைதட்டியது. நான் விரலை வைத்தேன். சத்தமே இல்லை.

அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் அந்தப் பியானோ தானாகவே அணைந்துவிடுமாம். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகு படித்தேன். பதறிப்போய்ப் பட்டனை அமுக்கினேன், விளக்கு எரிந்தது. மானம் தப்பித்தது என்று பெருமூச்சுவிட்டு முன்னிசையை வாசிக்க ஆரம்பித்தேன். அணைந்து எரிந்தால் நான்கு படி இறக்கியதையும் அது மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்தில்தான் குடுமியான்மலைப் பாறையில் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டாக அப்படியே இருக்கின்றன. என் பியானோவுக்கு நாற்பது நிமிடம் தாங்கவில்லை.

முருகேசண்ணன் தபேலாவிலிருந்து தலையைத் தூக்கி என்னை முறைத்தார். பெண் வீட்டாரின் முன்னால் எனக்குத் தைரியம் சொல்கிறார் என்று நினைத்து நானும் புன்னகைத்தேன்.

மாமா பாட ஆரம்பித்தார். முதல் வரியிலேயே கழுத்து நரம்பு புடைத்தது. முப்பது வருடமாகத் தூக்கத்தில்கூடப் பாடிய பாட்டு, அன்றைக்கு நான்கு படி உயரத்தில் நின்றது. பாவம், அவர் எட்டி எட்டிப் பிடித்தார். இரண்டாவது வரியில்தான் எனக்கு உறைத்தது. பல்லவி முடிந்து தபேலா மட்டும் ஓடும் இடத்தில் பட்டனை அமுக்கிக்கொண்டு அவசர அவசரமாகக் கட்டையைத் தட்டினேன். தட்டியது கடைசிக் கட்டையை அல்ல, அதற்கு அடுத்ததை. இறக்க வேண்டிய நான்கு படியையும் ஏற்றிவிட்டேன்.

சரணம் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குரல் ஏறி, நடுங்கி, நடுவில் கீறிக்கொண்டது. பின் வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. காது குத்தப்பட வேண்டிய பேரன், குத்துவதற்கு முன்பே அழ ஆரம்பித்தான். "செதம்பரம், ஒரு சோடா குடிச்சிட்டுப் பாடுப்பா" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது.

மாமா பாட்டை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கில், "வயசாயிருச்சுங்க. தொண்ட போயிருச்சு. மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த நேரத்தில் நான் எழுந்து நின்று, "அவர் தொண்டைக்கு ஒன்றும் இல்லை, என் பியானோதான்" என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். எதிரில் துபாய் அண்ணன். வாசல் பக்கம் வளர்மதி. நான் குனிந்து, பியானோவின் பின்னால் எதையோ தேடுவது மாதிரி நடித்தேன். (அங்கே தேடுவதற்கு ஒன்றுமே இல்லை. அவ்வளவு சின்னப் பியானோ.)

பந்தியில் மாமாவே என் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணப் பேச்சு முடிந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் தன் வீட்டாரைக் கூப்பிட்டு நிறுத்தி, "நான் அம்புட்டுத் தப்பாப் பாடுறேன், பையன் மூஞ்சியச் சுளிக்கலை, நிறுத்தலை. கூடவே வந்தாரு. இந்தப் பொறுமை யாருக்கு வரும்? இங்கிட்டு ஒரு வட வைங்கப்பா" என்றார். துபாய் அண்ணனே தலையை ஆட்டினார்.

தையில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் மாமனார் பாடவில்லை. மச்சினிச்சி வளைகாப்பில் பாடவில்லை. யார் மைக்கை நீட்டினாலும் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. வளர்மதியிடம் நடந்ததைச் சொன்னபோது, அரை நாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் என்னுடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "போயி அப்பாகிட்டச் சொல்லுங்க" என்றாள். சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆனது.

எங்கள் மகளின் காதுகுத்துக்கு முந்தின வாரம், பியானோவை எடுத்துக்கொண்டு அரிமளம் போனேன். அவர் முன்னால் வைத்து நான்கு படி ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை வாசித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். "ஒங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்ல மாமா. அன்னிக்குத் தப்பு பூராவும் என்னோடது. இப்ப ஒருக்காப் பாடுங்க." சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பியானோவைப் பையில் போடச் சொன்னார். "மாப்ள, இதெல்லாம் எதுக்கு? எனக்குத் தெரியாதா என் தொண்ட?" என்றார்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் சொல்லப்படும் கதை வேறு. "கெழவன் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு, மாப்ள பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டாரு பாருங்க. பொட்டியெல்லாம் கொண்டாந்து வாசிச்சுக் காட்டுறாரு. இப்படி ஒரு புள்ள கெடைக்குமா?" என்று மாமனார் பந்தியில் நின்று சொல்வார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் கண் கலங்கி என் இலையில் இன்னொரு வடை வைப்பார். நான் தலையைத் தூக்காமல் அதைத் தின்றுகொண்டிருப்பேன்.