பந்தியில் பரிமாறிய விதைக்கிழங்கு

விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவனிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்வான். ஒரு மூட்டையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் நோய், பூச்சி அத்தனையும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதை என் அம்மாவும் தாக்கக்கூடும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. படித்த கல்லூரியிலேயே விரிவாக்கப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. புதிதாக விவசாயத்தில் இறங்குபவர்களுக்கு நல்ல விதை கொடுத்து, கூடவே நின்று நட்டு, விளைச்சலை ஊராருக்குக் காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் ஆள் மன்னவனூர் பொன்னுச்சாமி. அதுவரை அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். அவருடைய மாமனார் ஒரு துண்டு நிலத்தை, "ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டுங்க, அப்புறம் பாப்பம்" என்று விட்டிருந்தார். பூண்டு போடச் சொன்னதும் அவர்தான். பொன்னுச்சாமியோ என் பேச்சை நம்பி, போட்டால் உருளைக்கிழங்குதான் என்று நின்றார். (என் பேச்சை நம்பிய முதல் மனிதர். பாவம்.) விளையாவிட்டால் நிலம் மாமனாருக்கே போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் பழையபடி கூலிக்குப் போக வேண்டியதுதான்.

பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் மலையிலிருந்து நடந்தே பழனிக்கு வருவதாக ஏற்பாடு. நான் விதை மூட்டையோடு ரயிலில் வந்து எங்கள் வீட்டில் இருப்பேன். சாமி கும்பிட்டதும் மூட்டையை மட்டக்குதிரையில் ஏற்றிக்கொண்டு மூவரும் மலையேற வேண்டும்.

எங்கள் வீடு அடிவாரத்தில். உத்திரத்துக்கு வரும் காவடிக்காரர்களுக்குச் சோறு போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். அந்த வாரம் முழுக்க யாராவது அரிசியோ பருப்போ காயோ கொண்டுவந்து உள்ளறையில் இறக்கிவிட்டுப் போவார்கள். கொடுத்தவர் பெயர் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்கக் கூடாது. உள்ளறைக்குள் போன மூட்டை முருகனுடையது, அவ்வளவுதான். இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நான் என் மூட்டையை எங்கே வைத்தேன் என்கிறீர்கள்? உள்ளறையில்தான். விதைக்கிழங்கு வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வீட்டில் அப்படிப்பட்ட இடம் அது ஒன்றுதான். வைத்துவிட்டு, ரயில் அலுப்பு தீரக் குளித்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பந்தியில் நானும் பரிமாற இறங்கினேன். வரிசையில் பொன்னுச்சாமி உட்கார்ந்திருந்தார், புது மொட்டையில் சந்தனம் மினுங்க. பக்கத்தில் அவர் மனைவி செல்லம்மா.

"தம்பி, இந்தக் கெழங்கு எந்தூருதுங்க? வாயில வச்சா மாவாக் கரையுது," என்றார் பொன்னுச்சாமி.

"இதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நம்ம விதை வெளைஞ்சு வரட்டும், இதைத் தொடவே மாட்டீங்க."

"அப்டிங்களா? அதுவரைக்கும் இன்னுங் கொஞ்சம் வைங்க."

வைத்தேன். செல்லம்மாவுக்கும் வைத்தேன். விரிவாக்கப் பணியை நான் அவ்வளவு தாராளமாக அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் இருவரையும் பெருமையாக உள்ளறைக்கு அழைத்துப் போனேன். என் சாக்கு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கெழங்கா? முளை விட்டுக் கெடந்துச்சு. எவனோ பழசைத் தள்ளிவிட்டுட்டான்னு நெனச்சேன். முளையெல்லாம் கிள்ளிப்போட்டு, தோலைச் சீவி, வெள்ளனே அடுப்புல ஏத்தியாச்சு."

அந்த முளைக்காகத்தான் கல்லூரியில் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

"அம்மா, அது விதைம்மா."

"ஏலே, அதை ஏன்டா உள்ளறையில வச்ச? உனக்கு வழக்கம் தெரியாதா?"

பொன்னுச்சாமி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "அப்ப நாங்க கேட்டு வாங்கித் தின்னது..." என்றார். செல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பாருகிட்ட என்னத்தச் சொல்ல? விதையத் தின்னுபுட்டு வந்துட்டோம்னா?" அந்தப் பருவத்துக்குக் கல்லூரியிலும் வேறு விதை இல்லை.

அப்போதுதான் தோல் ஞாபகம் வந்தது. தோலைக் கொஞ்சம் கனமாகச் சீவினால், அதில் முளை கிளம்பும் கண் இருந்தால், முளையைக் கிள்ளியிருந்தாலும் அதுவே மறுபடி முளைக்கும் என்று பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருந்தார். (எவ்வளவு கனம் என்று அவர் சொன்னபோது நான் தூங்கிவிட்டேன்.)

"தோலெல்லாம் எங்கம்மா?"

"மாட்டுக்கு."

மூவரும் கொல்லைக்கு ஓடினோம். பசு கூடைக்குள் தலையை விட்டிருந்தது. நான் கூடையை இழுக்க, பசு கூடையோடு என்னையும் இழுத்தது. வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். செல்லம்மா கயிற்றைப் பிடித்து அதன் தலையைத் திருப்ப, பொன்னுச்சாமி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பந்திக்கு வழக்கமாக வரும் சமையல்காரர் அவசரத்தில் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளியிருந்தார். அந்த மனிதரை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன், அன்று கும்பிட்டேன். கண் உள்ள தோலாகப் பொறுக்கி, அழுகாமலிருக்க அடுப்புச் சாம்பலில் புரட்டினோம். அம்மாவும் வந்து உட்கார்ந்து பொறுக்கினாள்.

மன்னவனூரில் நாங்கள் நட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் வரப்பில் வந்து நின்றார்.

"என்ன மாப்பிளே, குப்பை போடுறீங்களா?"

"இல்லைங்க மாமா, விதை."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

நட்டதில் பாதிக்கு மேல் அழுகிப் போனது. மீதி முளைத்தது. தோண்டியபோது கிழங்கு சிறுசுதான், ஆனால் கூடை நிறைந்தது. பழனியில் நடந்ததையெல்லாம் செல்லம்மா அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தார். மாமனார் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"மாடு தின்ன மிச்சத்துல இம்புட்டு எடுத்தவருக்கு, ஒழுங்கான விதை கெடச்சா எடுக்கத் தெரியாதா? நெலம் உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிளே." செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் என் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவ விதைய அவரே போயி வாங்கிக்கிருவாரு. நீங்க அலைய வேணாங்க."

எனக்கு இப்போது பேரன் இருக்கிறான், பொன்னுச்சாமிக்கு மட்டும் நான் இன்னும் தம்பிதான். ஒவ்வோர் உத்திரத்துக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு வந்துவிடுவார். அதை இறக்கியதும், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்:

"இது திங்கிறதுக்கு. விதைய ஊர்ல பூட்டி வச்சுட்டு வந்திருக்கேன். தம்பி வந்து கேட்டாலும் சாவியக் குடுத்துராதேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்."