சேன்-லுபேன் சூப்பும் பதினோரு பேர் குழுவும்

மனித குலம் எத்தனையோ மகத்தான அமைப்புகளைக் கண்டிருக்கிறது. அவற்றில் எதுவும் பிரான்ஸிலுள்ள சேன்-லுபேன் நகரசபையின் 'பள்ளி உணவு வீண்விரயத் தடுப்புக் குழு'வின் கால்தூசுக்குப் பெறாது. பதினோரு உறுப்பினர்கள். மாதத்துக்கு இரண்டு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு கேக். அந்த கேக்கை யார் வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு.

குழுவின் தலையாய சாதனை, ஆரம்பப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கண்ணாடிக் குழாய். குழந்தைகள் தின்னாமல் விட்ட ரொட்டியை அதில் போட வேண்டும். குழாய் எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவு வெட்கப்பட வேண்டும். குழுவின் தலைவரான துணைமேயர் வாசெர் நாடா வெட்டித் திறந்துவைத்தார். ஒரு மாதம் ஆயிற்று. குழாயில் ஒரு துணுக்கு கூட விழவில்லை.

எல்லாம் ஒடில் செய்த குற்றம். அந்தப் பள்ளியின் அடுப்படி இருபத்திரண்டு வருடமாக அவள் கையில் இருந்தது. லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை நிறம் மாறாமல் வெண்ணெயில் வதக்குவாள். கேரட், பரங்கி, உருளைக்கிழங்கு போட்டுக் குழைய வேகவைத்து மசிப்பாள். அடுப்பை அணைத்த பிறகுதான் க்ரீம். மேலே தூவ, ரொட்டிக் கடையில் விற்காமல் போன முந்தைய நாள் ரொட்டியைச் சிறு சதுரங்களாக நறுக்கி, பூண்டு தேய்த்து, எண்ணெயில் புரட்டி, பொன்னிறமாக ஓவன் அடுப்பில் வாட்டி வைப்பாள். நூற்றெண்பது குழந்தைகளும் சூப்பைக் குடித்துவிட்டு, கையிலிருக்கும் ரொட்டியால் கிண்ணத்தை வழித்து, அதையும் தின்றுவிடும்.

"கிண்ணம் கழுவத்தான் எனக்குச் சம்பளம். ஆனா கழுவின கிண்ணம்தான் என்கிட்ட வருது," என்பாள் பாத்திரம் தேய்க்கும் ஃபதிஹா. "பாவம் பண்ற மாதிரி இருக்கு, ஒடில்."

திங்கட்கிழமை வாசெர் சமையலறைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றினார். யாரோ இறந்துவிட்டார்களோ என்று ஒடில் பயந்துபோனாள்.

"மதாம், ஒரு துக்கமான விஷயம். நம்ம பள்ளியில ரொட்டி வீணாகவே மாட்டேங்குது."

"நல்லதுதானே, ஐயா?"

"எப்படி நல்லது? வியாழக்கிழமை மாகாணத்துலேருந்து ஆய்வாளர் வர்றாங்க. வீண்விரயத்தைப் பாதியாக் குறைச்சாத்தான் 'பசுமைக் கரண்டி' சான்றிதழ். சான்றிதழ் இருந்தாத்தான் இந்தச் சமையலறை. இல்லேன்னா செப்டம்பர்லேருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மத்திய சமையற்கூடத்துலேருந்து பிளாஸ்டிக் தட்டுல சாப்பாடு வண்டியில வரும். பூஜ்யத்தை நான் எப்படிம்மா பாதியாக்குறது? கம்ப்யூட்டரே ஒத்துக்க மாட்டேங்குது."

ஒடில் கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்ப நான் என்ன செய்யணும்?"

வாசெர் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் சுமாரா சமைங்களேன்."

இப்படி ஒரு யோசனையை முன்வைக்க எவ்வளவு தொலைநோக்கு வேண்டும்! ஒடிலுக்கு அந்தத் தொலைநோக்கு இல்லை. இருந்தாலும் அடுப்படி போய்விடுமே. செவ்வாய்க்கிழமை வெண்ணெய் போடவில்லை, க்ரீம் ஊற்றவில்லை, உப்பைப் பாதியாக்கினாள். ருசி பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. சூப் தண்ணீராக இருந்ததால் குழந்தைகள் ரொட்டியை முக்கி முக்கித் தின்றன. வழக்கத்தைவிட இரண்டு கூடை அதிகம் போயிற்று.

"பார்த்தியா? கெட்டுப்போகணும்னு செஞ்சாலும் உனக்குக் கெடுக்கத் தெரியல," என்றாள் ஃபதிஹா. "நகரசபையில ஒரு பயிற்சி எடுத்துக்கோ."

குழு அன்று மாலையே அவசரமாகக் கூடியது. கேக் கூட வெட்டவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். புதன்கிழமை பள்ளி விடுமுறை. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆளுக்கு எட்டு நீள ரொட்டி, அன்று காலை சுட்டது, கொண்டுவந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு, துண்டு துண்டாகக் கிள்ளி, வரிசையில் நின்று குழாயில் போட்டார்கள். நிறைந்தது. எடை போட்டு எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடி நிறைந்தது. கடைசியில் இருபத்திரண்டு கிலோ. வாசெர் கைதட்டினார். ஒரு மூதாட்டி உறுப்பினர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் நம்ம 'ஆரம்ப நிலை'," என்றார் வாசெர், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒடிலிடம். "நாளைக்கு இதுலேருந்தே நீங்க ரொட்டி வறுத்துத் தூவுங்க. குழாய் காலியா இருக்கும். நூறு சதவீதக் குறைப்பு! படிவத்துல நீங்க ஒரே ஒரு இடத்துல எழுதணும். 'வீணாக்கியவர்'னு கேட்டிருக்கும். 'குழந்தைகள்'னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. சமையல்காரர் கையெழுத்துதான் செல்லும்."

"அதுங்க வீணாக்கலையே?"

"மதாம், அதுங்க படிவமெல்லாம் படிக்காது."

வியாழக்கிழமை ஒடில் வெண்ணெயைத் தாராளமாகவே போட்டாள். கடைசி சூப்பாக இருந்தாலும் சூப்பாக இருக்கட்டும். ஐந்து கிலோ ரொட்டியை வறுத்தாள். மீதி வாசெரின் அக்கா வீட்டுக் கோழிகளுக்குப் போயிற்று. ஆய்வாளர் மதாம் திபூர், ஒல்லியான, கண்டிப்பான அம்மாள், குழந்தைகளோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார். மொறுமொறுவென்று ஒரு துண்டைக் கடித்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ரொட்டியால் கிண்ணத்தை வழித்தார்.

பக்கத்திலிருந்த சிறுமி, "ஓரத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு, மதாம்," என்றாள்.

படிவம் ஒடிலின் முன்னால் வந்தது. குழு முழுவதும் சுவரோரம் நின்று புன்னகைத்தது. ஒடில் பேனாவை எடுத்தாள். இருபத்திரண்டு கிலோ. வீணாக்கியவர்... கூடத்தைப் பார்த்தாள். நூற்றெண்பது கிண்ணங்கள் கண்ணாடி மாதிரி மின்னின.

"எழுதுங்க, மதாம்," என்றார் வாசெர் இனிமையாக.

அவள் எழுதினாள். நிறைய நேரம் எழுதினாள்.

"ஒரு வார்த்தைதானே, எதுக்கு இவ்வளவு நேரம்?" என்று வாசெர் ஃபதிஹாவிடம் முணுமுணுத்தார்.

"முழுப்பேர் போட்டு எழுதுறா போல, ஐயா," என்றாள் ஃபதிஹா.

மதாம் திபூர் படிவத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பதினோரு பெயர்களையும் உரக்கப் படித்தார். கடைசிப் பெயர் வாசெருடையது.  ஒடில் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"இது உண்மையா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமாம்மா. புதன்கிழமை. நானே கண்ணால பார்த்தேன்."

ஆய்வாளர் வெகு நேரம் கணக்குப் போட்டார். பிறகு அறிக்கையை அங்கேயே எழுதினார். அரசாங்கக் காகிதத்தில் அவ்வளவு தெளிவான தமாஷ் அதற்குமுன் வந்ததில்லை; ஆனால் எழுதியவர் கடைசிவரை சிரிக்கவே இல்லை. சமையலறை தொடரலாம். சான்றிதழும் உண்டு. மாகாணத்தில் ஒரு பள்ளிக் குழந்தை வருடம் முழுக்க வீணாக்கும் அளவு ரொட்டியை ஒரே நாளில் தலைக்கு இரண்டு கிலோ வீதம் வீணாக்கக்கூடிய பதினோரு பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர்; சாப்பாட்டு நேரத்தில் அவர்களைப் பள்ளிக்குள் விடாதிருந்தாலே போதும், சேன்-லுபேனில் வீண்விரயம் அடியோடு ஒழிந்துவிடும்.