சிக்னல்காரரும் வெள்ளைத் தட்டும்

சிக்னல்காரர் என்றொரு இனம் இருக்கிறது. இதைத் தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். நீங்கள் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள்; செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், "முதல்ல எங்க வைஃபையைப் போட்டுக்குங்க" என்று ஒருவர் முன்வந்து, "முதல் எழுத்து பெரிசு, அப்புறம் எல்லாம் சின்னது, நடுவுல ஒரு கோடு, நடுக்கோடு இல்ல, கீழ்க்கோடு" என்று பாஸ்வேர்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறாரா? அவர்தான். நீங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டிருப்பீர்கள். அது பிறகு வரும்.

நாமெல்லாம் சுவரைப் பார்த்தால் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். சிக்னல்காரர் அதன் தடிமனைப் பார்ப்பார். கைப்பேசியை மார்புக்கு நேரே ஏந்தி, அணையப் போகும் விளக்கைக் காற்றில் கொண்டுபோவதுபோல அடிமேல் அடிவைத்து அறை அறையாக நடப்பார், நடுநடுவே நின்று பெருமூச்சு விடுவார், பீரோவை முறைப்பார். கட்டிலுக்கடியில் குனிவார். குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ளே எத்தனை கோடு வருது?" என்று கேட்பார். உள்ளே இருப்பவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

அவருக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. 'ஆனா.' "நல்லாத்தான் வருது. ஆனா..." என்று அவர் தொடங்கினால், அந்த வீட்டில் அன்று மாலைவரை இணையம் இருக்காது என்று அறிந்துகொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த சிக்னல்காரர் குடிநீர் அலுவலகத்தில் குழாய்களின் வரைபடம் வரைகிறவர். ஊருக்கடியில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்பதைப் பார்க்காமலே சொல்லுவார். ஆகவே, வீட்டு இணையமும் தண்ணீர் மாதிரிதான் என்பது அவர் முடிவு. "மெயின்ல பிரஷர் இருக்கு. கடைசி ரூமுக்குப் போறதுக்குள்ள இறங்கிடுது" என்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பிரஷர் என்ற சொல்லை இருபத்தைந்து வருஷமாக வேறு விதமாகக் கேட்டுப் பழகியவள். "உங்களுக்கு ஏறிடுது, அதுதான் தெரியுது" என்பாள்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அந்த வீட்டில் ஒரு நிஜமான துயரம் நடந்திருந்தது. மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். முன்னறையில் உட்கார்ந்து நேர்காணல் கொடுக்க முடியாது. எதிர்சாரியில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை, பகல் முழுக்க அறுவை இயந்திரத்தின் கூச்சல். பின்னறைதான் அமைதி. ஆனால் பின்னறைக்கு, நடுவில் இரண்டு சுவர்களையும் ஒரு பீரோவையும் தாண்டி, வைஃபை தவழ்ந்துதான் வரும். கைப்பேசி டவரும் அந்த அறையை எட்டிப் பார்ப்பதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு கம்பெனிக்காரர்கள் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றபோது அவள் வாயைத் திறந்தாள். அத்தோடு படம் நின்றுவிட்டது. ஒரு கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, நாலு நிமிஷம் அப்படியே. பிறகு அவர்கள் பண்பாக ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

"என் பொண்ணுக்குத் தெரியாததா? என் வீட்டுச் சுவர் கெடுத்துடுச்சு" என்று அன்று சாப்பிடாமல் எழுந்துபோனார் சிக்னல்காரர். அந்த வருத்தம் உண்மையானது. அதில் கேலி இல்லை.

கேலி அடுத்த நாள் தொடங்கியது.

வேறொரு கம்பெனி. சரக்குக் கப்பல்களுக்குப் பயண அட்டவணை போடும் வேலை. கடைசிச் சுற்று நேர்காணல், வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அதற்குள் பின்னறைக்கென்று தனியாக ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தே தீருவது என்று சிக்னல்காரர் முடிவெடுத்தார். அது வேறொன்றுமில்லை, முன்னறையிலிருக்கும் வைஃபைப் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொண்டுபோய்ச் சொருகினால், போன இடத்தில் வைஃபையைப் பரப்பும். பார்ப்பதற்கு ஒரு வெள்ளைத் தட்டு. வீட்டில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது.

தட்டு வருவதற்கு முன் வீட்டின் வரைபடம் வந்தது. மூன்று நிறங்களில். பச்சை என்றால் சுபிட்சம். மஞ்சள் என்றால் சந்தேகம். சிவப்பு என்றால் பின்னறை. ஒவ்வொரு இடத்திலும் ஆளை நிறுத்தி அளவெடுத்தார்.

"இப்ப எவ்வளவு?"

"முப்பத்திரெண்டு" என்றாள் மனைவி, ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் துவைத்த துணி.

"கொஞ்சம் இடது பக்கம் நகரு."

"முப்பத்தொண்ணு."

"துணியைக் கீழே வை. ஈரத்துணி சிக்னலைக் குடிக்கும்."

"நீங்க ஒரு காபி குடிங்களேன். நான் துணியைக் காயப்போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை வயர் போட்டார். குழாய்க்காரர் அல்லவா! சுவரோரமாக, மூலையில் அழகாக வளைத்து, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, கதவு நிலையின்மேல் ஏற்றி இறக்கி, கண்ணுக்கே தெரியாதபடி பின்னறை மேசைவரை கொண்டுபோய்விட்டார். அந்த வேலையைக் குறைசொல்ல யாராலும் முடியாது. தட்டு மாட்டப்பட்டது. நீல விளக்கு எரிந்தது. மகள் தன் லேப்டாப்பைத் திறந்தாள். அது அவள் சித்தப்பா கொடுத்த பழசு, செங்கல் கனம். "பக்கவாட்டுல வயர் சொருகுற ஓட்டையெல்லாம் இருக்கு பாரு, அந்தக் காலத்துச் சாமான்" என்று சிக்னல்காரர் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அதில் நாலு கோடும் நிறைந்து நின்றன.

"அப்பா, சூப்பர்ப்பா! பறக்குது!"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் முடிந்திருக்குமா?

"நல்லாத்தான் வருது" என்றார் சிக்னல்காரர். "ஆனா..."

திங்கட்கிழமை தட்டை மேசையிலிருந்து சுவருக்கு மாற்றினார். செவ்வாய்க்கிழமை, நடந்துகொண்டே பேசினால் கைப்பேசி பழைய பெட்டியை விட மாட்டேன் என்று ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். வீட்டில் யாரும் நடந்துகொண்டே பேசியதில்லை. அவரே நடந்து, அவரே பேசி, அவரே கண்டுபிடித்தார். அதற்காகப் பெட்டிக்கும் தட்டுக்கும் ஒரே பெயர் வைத்து, பாஸ்வேர்டையும் மாற்றியதில், டிவியும் பிரிண்டரும் அநாதைகளாயின. புதன்கிழமை பக்கத்து வீட்டு வைஃபை நம்முடையதோடு மோதுகிறது என்று சொல்லி அலைவரிசையை மாற்றினார். மகள் நேர்காணல் ஒத்திகைக்காகத் தோழியோடு பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் நாலு முறை மாற்றினார்.

"என்னங்க, நாளைக்கு அவளுக்கு இன்டர்வியூ. இனிமே அதுல கை வைக்காதீங்க."

"நான் எங்கே கை வச்சேன்? போன்லயே பண்றேன்."

வியாழக்கிழமை. மேற்பார்வைக்கென்று அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். முன்னறையில், பெட்டிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நேர்காணல் அவருக்கு என்றே நினைக்கத் தோன்றும். பத்து நாற்பத்தைந்துக்கு அவர் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: 'பின்னறை: புதிய அப்டேட் தயார்.'

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொய் சொல்ல வேண்டாம்.

"ரெண்டே நிமிஷம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அதைத் தொட்டார்.

பின்னறையில் நீல விளக்கு ஆரஞ்சு ஆனது. கண்சிமிட்டத் தொடங்கியது. நாலு கோடும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மறைந்தன. மகள் கத்தவில்லை, கத்தும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள். "அம்மா" என்று காற்றுப்போன குரலில் கூப்பிட்டாள். அம்மா வந்தாள், தட்டைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். பத்து ஐம்பத்து நாலு.

"இந்த வயர்லதானே நெட் வருது?"

"ஆமாம்மா."

"உன் டப்பாவுல ஓட்டை இருக்குன்னு அப்பா சிரிப்பாரே, அது எங்கே?"

நோயாளியின் கையிலிருந்து ஊசியை எடுப்பவள்போல, தட்டிலிருந்த வயரை ஒரே இழுப்பில் உருவி லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகினாள். டக். மகள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பதினொன்று அடித்து இரண்டு நிமிஷம். முன்னறையில் சிக்னல்காரரின் கைப்பேசி சொன்னது: 'பின்னறை: தொடர்பில் இல்லை.'

அந்த நாலு நிமிஷ உறைந்த முகம் மறுபடி கண்முன் வந்திருக்க வேண்டும். துள்ளி எழுந்தார். "மெயினை ஒரு தடவை அணைச்சுப் போட்டா வந்துடும்" என்று பெட்டியின் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க."

அந்தக் குரலுக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர்களே கையை எடுப்பார்கள். அவள் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"புரியாம பேசாத! அவ நடுவுல நிக்கிறா!"

"அவ பேசிட்டிருக்கா."

"எதுல பேசுறா? தட்டுதான் செத்துப் போச்சே!"

"நீங்க போட்ட வயர்ல. நேரா."

சிக்னல்காரரின் கை அந்தரத்தில் நின்றது. நிறங்கள் போட்ட வரைபடம், சுவரில் இடம் மாறிய தட்டு, அலைவரிசை, ஒரே பெயர், அத்தனையும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. "நேராவா?" என்றார்.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம். கைப்பேசியை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையின்மேல் வைத்தார். விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டன. இல்லாத பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தன. எதிரே பட்டறை இரும்பை அறுத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும், "ஆனா" என்றிருப்பார்.

கதவு திறந்தது.

"ஸ்பீடு எவ்வளவு வந்தது?" என்று கேட்டுவிட்டார். மனைவி பார்த்த பார்வையில், "அதாவது, கேள்வியெல்லாம் எப்படி?" என்று திருத்திக்கொண்டார்.

"ஒரு இடத்துல கூட நிக்கலப்பா" என்று மகள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இன்னிக்குப் பேசினவங்கள்லயே உங்க வீட்டு நெட்தான் நல்லாயிருக்குன்னு சொன்னாங்க. எங்கப்பா வயர் போட்டாருன்னு சொன்னேன்."

சிக்னல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான். ஒரு முழு நிமிஷம் அதையே துடைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவரைவிட நல்ல மனிதர் அந்தத் தெருவில் இல்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆனா," என்றார், "வயரை இப்படி மாத்தி மாத்திச் சொருகுறது சரியில்ல பாப்பா. நடுவுல ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் வாங்கிப் போட்டா, உனக்கு ஒண்ணு, தட்டுக்கு ஒண்ணு..."

வேலை கிடைத்துவிட்டது. கடிதத்தில் நாலாவது வரி: 'வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணி, தடையற்ற இணைய வசதி அவசியம்.' அதைப் பென்சிலால் அடிக்கோடிட்டது மகள் அல்ல.

சரி, அவரை விடுங்கள். பின்னறையிலிருந்து யாராவது "நெட் போச்சு!" என்று கூப்பிட்டால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஐந்தே ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்து காட்டுங்கள், இந்த இனத்தில் நீங்கள் இல்லை என்று நானே எழுதித் தருகிறேன்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? யாரும் கூப்பிடவில்லையே.