சொந்தக் கையால் கட்டிய விமானம்

குடிமக்கள் தாங்களே குட்டி விமானம் கட்டிப் பறக்கலாம் என்று அரசாங்கம் பெருந்தன்மையோடு அனுமதித்திருந்தது. நிபந்தனை இரண்டுதான். விமானத்தில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் தன் கையாலேயே கட்டியிருக்க வேண்டும். கட்டியவரே முதல் தடவை தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

பேங்க் மேனேஜருக்கு ஆசை வந்தது. பாகங்களை வரவழைத்து, கார் ஷெட்டில் இறக்கி, பக்கத்திலேயே ஒரு நாற்காலியும் போட்டுக்கொண்டார். அதோடு அவர் பங்கு ஏறக்குறைய முடிந்தது.

அவர் மனைவி லிஃப்ட் மெக்கானிக். ஆட்களைப் பத்திரமாக மேலே ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. "நட்டை இப்படியாங்க முடுக்குவாங்க?" என்று ஒருநாள் ஸ்பேனரை வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. குழாய்களைக் கோத்தாள், இறக்கைக்குத் துணி இழுத்துக் கட்டினாள், எஞ்சினைப் பொருத்தினாள். ஓட்டப் பழகும் வகுப்புக்கு இருவரும் போனார்கள். அவருக்குத் தலை சுற்றியது. அவள் கற்றுக்கொண்டாள்.

விமானம் தயாரானதும் திடலுக்குப் பரிசோதகர் வந்தார்.

"இறக்கையைக் கட்டினது யாரு சார்?"

"நான்தான். அதாவது, இவ கட்டினா. நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்."

"எஞ்சின்?"

"அதையும் பார்த்துக்கிட்டேன்."

"சக்கரத்தை மட்டும் அவரே மாட்டினார் சார்," என்றாள் மனைவி. "அப்புறம் நான் கழற்றி ஒழுங்கா மாட்டினேன்."

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. பரிசோதகர் முகமோ மலர்ந்தது.

"ஆக, வேலையெல்லாம் அம்மா. மேற்பார்வையெல்லாம் சார். அப்போ கட்டினது சார்தான்! எங்க ஆபீஸைக் கட்டினது எங்க டைரக்டர்னு கல்லுல வெட்டி வச்சிருக்கு. அவர் ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை."

"அப்போ நான் யாரு சார்?"

பரிசோதகர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க கருவிங்கற வகையில வருவீங்கம்மா. ஸ்பேனர், சுத்தியல், அப்புறம் நீங்க."

முத்திரை விழுந்தது. "ஏறுங்க சார்," என்றார் பரிசோதகர்.

மேனேஜர் ஓரடி பின்வாங்கினார். "உண்மையைச் சொல்லிடறேன். நான் இதைக் கட்டவே இல்லை."

"முத்திரை குத்தியாச்சே! இனிமே நீங்க கட்டலைன்னா நான் பொய்யன் ஆயிடுவேன்."

"ஓட்டறதுக்கும் மேற்பார்வை போதாதா சார்?"

பரிசோதகர் அசந்துபோனார். இவ்வளவு காலம் இது யாருக்கும் தோன்றவில்லையே! மறுபடி புத்தகம் புரண்டது. வேறு ஆள் ஏறக்கூடாது என்றுதான் இருந்தது. கருவியை மட்டும் ஏற்றி அனுப்ப எந்தத் தடையும் இல்லை; சார் கீழே நின்று மேற்பார்வை பார்த்தால் போதும்.

மனைவி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "கருவி கிளம்புதுங்க."

விமானம் திடலில் ஓடி, துள்ளி, எழும்பியது. மேனேஜர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். அந்தச் சக்கரம் தாங்குமா? துணி கிழியாதா? நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அவர் உண்மையில் எதையுமே பார்த்திருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. கழுத்து நோக அண்ணாந்தபடி நின்றார். அந்த விமானத்துக்குக் கிடைத்த முதல் மேற்பார்வை அதுதான்.

ஒரு வட்டம் அடித்து அவள் அலுங்காமல் இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மேலே எப்படி இருந்துச்சு?" என்றார், ஓடிப்போய்.

"நீங்கதானே ஓட்டினீங்க? என்னைக் கேட்டா?"

சான்றிதழ் மேனேஜர் பெயருக்கு வந்தது. பத்திரிகையில் படம் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் 'உழைப்பே உயர்வு' என்று பேசிவிட்டும் வந்தார். பேசும்போது மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். சபை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

இப்போது அந்தத் தெருவில் எல்லா ஆண்களும் சொந்தக் கையால் விமானம் கட்டுகிறார்கள். பரிசோதகரும் கட்டுகிறார். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் சட்டை கசங்காமல் வீட்டுக்காரரே வந்து திறந்து, "வேலை மும்முரமா நடந்துக்கிட்டு இருக்கு," என்கிறார். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்கிறது.