ஊருக்கே வழி சொல்லும் சர்வர்

பிளஸ் டூ ரிசல்ட் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அன்புமொழியின் திரையில் ஒரு தளமும் திறக்கவில்லை.

மீமிசல் ஊருக்கு நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் அவள்தான் ஒரே இன்ஜினியர். தளத்தின் பெயரைத் தட்டினால் அது எந்த எண்ணில் இருக்கிறதென்று தேடிச் சொல்லும் சர்வர் அவள் பொறுப்பு. பல தேசத்துக்காரர்கள் சேர்ந்து எழுதி ஓசியில் விட்ட மென்பொருள். அதில் ஓட்டை இருக்கிறது, உடனே அடையுங்கள் என்று காலையில் அறிவிப்பு வந்தது. அடைத்தாள். சர்வர் படுத்துவிட்டது.

பழைய செட்டிங்கை அழித்தாள். எழுந்தது, ஆனால் வந்த பதிலையெல்லாம் போலி என்று தள்ளியது. பாதுகாப்பை இன்னும் இறுக்கினாள். இப்போது அவளையே உள்ளே விடவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு..." என்றான் வீடு வீடாக இணைப்பு கொடுக்கும் பீட்டர்.

"பேசாம இரு பீட்டர்!"

போன் அடித்தது. மாமியார் செங்கமலம்.

"ஏத்தா, நெட்டு டிவியில சீரியல் வரல!"

"ஊருக்கே வரல அத்தை! வைங்க!"

முதலாளி ஞானமணிக்கு வேர்த்துக் கொட்டியது. "புள்ளைங்க ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கு. வரலைன்னா நாளைக்குக் கம்பெனியே இருக்காது!" மைக் கட்டிய ஆட்டோவை அனுப்பித் தெருத் தெருவாய் மன்னிப்புக் கேட்டார்.

ஆட்டோக்காரர் திரும்பி வந்தார். "எங்களுக்கு ஓடுதேங்கிறாங்க சார்."

அன்புமொழிக்குக் கண் கலங்கியது. "நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. எவ்வளவு நல்ல சனம்!"

கொஞ்ச நேரத்தில் நல்ல சனம் திரண்டு வந்தது. அவள் மேசைக்கடியில் புகுந்தாள்.

"அன்பு! எம் மக பாஸு! லட்டு எடுத்துக்க!" மீன் விற்கும் இருளாயியின் குரல்.

"ரிசல்ட்டு எதுல பாத்தீங்க?" என்றது மேசை.

"நம்ம நெட்டுலதான். தட்டுனதும் வந்துச்சு!"

தான் கடைசியாகத் தட்டிய கட்டளை பலித்துவிட்டது! அன்புமொழி நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தாள். ஞானமணி தன் துண்டையே பொன்னாடையாகப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது.

போன் மறுபடி அடித்தது. "ஏத்தா, இன்னும் வரல!"

பீட்டர் வாயிலிருந்த லட்டை விழுங்கினான். "கோவிச்சுக்காதீங்கக்கா. போன வருசம் நீங்க அப்டேட் போட்டுப் படுக்க வச்ச அன்னைக்கே ஊரை மொத்தமா வெளிக் கம்பெனி சர்வருக்கு மாத்திட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு இந்த ஆபீசையும் ஒங்க மாமியாரையும் மட்டும் விட்டு வச்சேன்."